மலைநாட்டுப் பழம்பேனைகள்

கடலோரக் கொழும்பிற் புகைவண்டியேறி நானுஓயாவில் இறங்குபவரின் சட்டைப் பையில் ஊற்றுப்பேனை மை கக்கிவிடுதல் உண்டு. பேனை பழுதென்று அதனைப் பழிப்பது பொருந்தாது. நுவரெலியா நகர் கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கேயாகும். பேனையின் வயிற்றில் மை பாதியும் காற்றுப் பாதியுமாக இருந்தால், வண்டி மலையேற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். மை நிரம்பிய பேனையில் விரிவதற்குக் காற்று இல்லை. ஆதலின் அது பெரும்பாலும் கசிவதில்லை. நிப்பு மேல்நோக்கி நிற்கும்படி செருகிவைத்தாலும் காற்று மட்டுமே வெளியேறும்.

அந்த இருப்புப்பாதை நானுஓயாவைச் சேர்ந்தது 1885-ஆம் ஆண்டில். நியூயோர்க் நகரில் லூயிஸ் எட்சன் வாட்டர்மன் என்பவர் தமது ஊற்றுப்பேனைக்குக் காப்புரிமை பெற்றது அதற்கு முந்திய ஆண்டு, 1884-இல். அவர் ஆயுட் காப்புறுதி முகவர் என்றும், ஒப்பந்தத்தில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்தார் என்றும், அந்தச் சினத்தாற் பேனையைத் திருத்தினார் என்றும் வழங்கும் கதை விளம்பரத்துக்காக எழுந்தது. அதற்குத் தக்க சான்று கிடையாது. அவர் செய்த வேலை கதையினும் சுவையானது. மை கீழிறங்கும் நாக்கிலே மெல்லிய பிளவுகளை அறுத்து, மை இறங்கும் அளவுக்கே காற்று மேலேறும்படி வழிசெய்தார். அதற்குமுன் ஊற்றுப்பேனை என்று விற்றவையெல்லாம் ஒன்று எழுத மறுக்கும், அன்றி ஒரேயடியாக ஊற்றிவிடும்.

மலைநாட்டுப் பழம்பேனை ஒன்றைக் கையிலெடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இஃது எக்காலத்தது என்பது ஒன்று. யார் கையில் இருந்தது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குப் பேனையே விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்குரிய விடையைச் சந்தைக்காரர் சிலவேளை தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர். அதனைப் பின்னர் காண்க.

தேயிலை இந்நாட்டில் வேரூன்றிய காலம் ஊற்றுப்பேனைக்கு முந்தியது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை நட்டது 1867-இல். ஸ்கொட்லாந்திலிருந்த தம் குடும்பத்தாருக்கு அவர் எழுதிய பழைய கடிதங்கள் இன்றும் பேணப்படுகின்றன; அவை எழுதப்பட்ட காலத்தில் மைக்கூட்டிலே தொட்டுத் தொட்டு எழுதும் உருக்கு நிப்பே உலகெங்கும் வழக்கு. அந்நாளைய மை பெரும்பாலும் இரும்பு மை. தமிழ்நாட்டார்க்கு இது புதிதன்று. கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் கூட்டி மை காய்ச்சுவது நம் முன்னோர் அறிந்த தொழில். மேனாட்டார் கடுக்காய்க்குப் பதிலாக ஓக்கு மரத்து மாசிக்காயைக் கொண்டனர்; செய்முறை ஒன்றே. நேயர்கள் ஒரு சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். கடுஞ்சாயத் தேநீரில் இரும்பாணி ஒன்றை ஓரிரவு இட்டுவைத்தால் காலையிலே அது கறுத்திருக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தாற் பிறப்பதும் அந்த மையின் இனமே.

இவ்வகை மையில் அமிலம் உண்டு. அது உருக்கு நிப்பை அரித்துவிடும். ஊற்றுப்பேனையின் நிப்பு எந்நேரமும் மையிலே நனைந்திருப்பது. அதனைப் பொன்னாற் செய்தது ஆடம்பரத்துக்காக அன்று; பொன்னை அம்மை அரிப்பதில்லை என்பதற்காகவே. பொன் மெதுவானதாகையால் தேய்ந்துவிடும். எனவே நுனியிலே இரிடியம் முதலிய மிகக் கடிய உலோகங்களின் சிறு மணியை ஒட்டினர். பழம்பேனை வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது இந்த மணியைத்தான். மணி தேய்ந்துபோன நிப்பு, பல்லிழந்த வாய் போன்றது. மூடியிலே எவ்வளவு பொன் மின்னினும் பயனில்லை.

இனிக் குழலைப் பார்ப்போம். முதற் பேனைகள் எபனைற் என்னும் கடிய இறப்பராலானவை. இறப்பர்ப் பாலோடு கந்தகத்தை மிகுதியாகக் கூட்டிச் சூடேற்றினால் அது கருங்காலி மரம்போற் கறுத்து இறுகும். வாட்டர்மன் காலத்து இறப்பர் பெரும்பாலும் அமேசன் காட்டு மரங்களிலிருந்து வந்தது. 1876-இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட கன்றுகள் பெருகி இலங்கையும் மலாயாவும் இறப்பர் விளையும் நாடுகளான பின்னரே கீழ்நாட்டுப் பால் உலகச் சந்தையை நிறைத்தது. எபனைற்றைக் கண்டறிய வழி எளிது. பெருவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்தாற் கந்தக நெடி வீசும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது கருமை மாறி, பாசியும் பழுப்பும் கலந்த நிறமடையும். ஆதலால் மலைநாட்டிற் பழகிய எபனைற் பேனை பளபளவென்று கருகருத்திருந்தால் ஐயுறுவதற்கு இடமுண்டு. அது பெட்டியை விட்டு வெளிவராததாக இருக்கலாம். பின்னொருவர் சாயமேற்றியதாகவும் இருக்கலாம்.

மை நிரப்பும் முறை காலத்தைக் காட்டும் அடுத்த சான்று. மிகப் பழையவற்றில் கழுத்தைத் திருகிக் கழற்றிச் சொட்டுக்குழாயால் மை விடவேண்டும். 1905-இல் இலண்டன் டி லா றூ கம்பனியார் ஒனோட்டோ என்னும் பெயரில் உந்துதண்டுப் பேனையை வெளியிட்டனர். 1908-இல் அமெரிக்கரான வோல்டர் ஷீபர், குழலின் பக்கத்திற் பொருத்திய சிறு நெம்புகோலை உயர்த்தி உள்ளிருக்கும் இறப்பர்ப் பையை அமுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெம்புகோலே ஓங்கிநின்றது. வாட்டர்மன் பேனையின் அடியிலே 12 என்று கண்டால் அது சொட்டுக்குழாய் வகை. 52 என்று கண்டால் நெம்புகோல் வகை. முன்னுள்ள 5 நெம்புகோலைக் குறிக்கும். பின்னுள்ள 2 நிப்பின் அளவைக் குறிக்கும். மிகப் பெரிய புத்தகங்களைப் புரட்டாமலே இவ்வளவும் பேனையின் அடியிற் படிக்கலாம்.

நிறம் வந்தது பின்னர். 1921-இல் பார்க்கர் கம்பனியார் செம்மஞ்சள் நிற டியோபோல்ட் பேனையை 7 டொலர் விலைக்கு விற்றனர். 1924-இல் ஷீபர் கம்பனியார் செலுலோயிட் குழலைப் புகுத்தினர். அதற்கப்பால் பச்சையும் முத்து வெள்ளையும் பொன்வரியுமாகப் பேனைகள் பூத்தன. செலுலோயிட்டில் கற்பூரம் உண்டு. தேய்த்தால் மணம் சொல்லும். அதற்கு ஒரு நோயும் உண்டு. உள்ளிருக்கும் இறப்பர்ப் பை வெளியிடும் கந்தக ஆவி வெளிர்நிறச் செலுலோயிட்டைப் பழுப்பாக்கும். மூடி வெளுப்பாயும் குழல் பழுப்பாயும் உள்ள பேனையைக் கண்டு, இரண்டும் வெவ்வேறு பேனைக்குரியவை என்று அவசரப்பட்டு முடிவு செய்தலாகாது.

இன்னொரு பொருள் மலைநாட்டுக்கு ஒவ்வாதது. இலண்டன் கொன்வே ஸ்ருவார்ட் கம்பனியார் பாலிலுள்ள புரதத்தை இறுக்கிய கேசீன் என்னும் பொருளில் மிக அழகிய பேனைகளைச் செய்தனர். கேசீன் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். உலரும்போது சுருங்கி நுண்ணிய வெடிப்புக் காணும். நுவரெலியாவின் பனிமூட்டத்தையும் அட்டனின் தென்மேற்குப் பருவ மழையையும் பல்லாண்டு தாங்கி நேராக நிற்கும் கேசீன் பேனை கிடைப்பது அரிது. அப்படிப்பட்டதைக் கண்டெடுப்பவர் மகிழ்ச்சி மிகுந்து தண்ணீரில் ஊறவைத்துக் கழுவத் தொடங்குவது பெருங்கேடு. ஓரிரவு ஊறினாற் போதும், ஐம்பதாண்டு மழை செய்யாததை அந்தக் கிண்ணம் செய்துவிடும்.

பார்க்கர் 51 என்னும் பேனை தனியே பேசத்தக்கது. 1941-இல் விற்பனைக்கு வந்த இதன் நிப்பு முழுவதும் கூட்டினுள் மறைந்திருக்கும். நுனி மட்டுமே தெரியும். அமெரிக்காவிற் செய்த பல பேனைகளின் குழலில் மிகச் சிறிய இலக்கம் ஒன்று பொறித்திருக்கும். அது ஆண்டின் கடைசி இலக்கம். அருகிலுள்ள புள்ளிகள் ஆண்டின் எந்தக் காற்பகுதி என்பதைக் காட்டும். 1 என்று இருந்தால் 1941 ஆகவும் இருக்கலாம், 1951 ஆகவும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் விலையிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. வழக்கைத் தீர்ப்பது நிரப்பும் முறை. 1948-க்கு முந்தியவற்றில் குழலின் கடைப்பகுதியைத் திருகினால் அமுக்குத்தண்டு தெரியும். 1948 முதல் வந்த புதிய வகையில் குழலைக் கழற்றினால் உலோக உறையினுள் பிழியும் பை இருக்கும். ஆகவே இலக்கம் 1 ஆகவும், உள்ளே உலோக உறையாகவும் இருப்பதை 1941-இற் பிறந்தது என்று எவரேனும் சாதித்தால் அவரிடம் வாங்காமலிருப்பது நன்று. இங்கிலாந்தின் நியூஹேவன் தொழிற்சாலையிற் செய்தவற்றில் இந்த இலக்கத்தைப் பொதுவாக எதிர்பார்க்கலாகாது.

ஒரு பேனையின் மூடியையும் மற்றொன்றின் குழலையும் மூன்றாவதன் நிப்பையும் கூட்டி முழுப்பேனையாக விற்பதும் உண்டு. இதனை முழு மோசடி என்று சொல்வதற்கில்லை. உதிரியுறுப்புக் கிடைக்காத ஊரிலே பேனை திருத்துவோர் எழுதவேண்டிய அவசரத்துக்காகச் செய்த ஒட்டுவேலையாகவும் இருக்கலாம். விலை கொடுப்பவர் மட்டும் அதனை அறிந்து கொடுக்கவேண்டும்.

எல்லா அரிய பேனைகளும் இலண்டனிலும் அமெரிக்காவிலும் பிறந்தவையல்ல. 1927 நவம்பரிற் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் சென்றார். சுதேசித் துணியைப் பற்றி அவர் பேசிய அக்காலத்தில் சுதேசிப் பேனை ஒன்று பேர்பெற்றிருக்கவில்லை. 1932-இல் ஆந்திர நாட்டு ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் தம் கையாற் பேனை செய்யத் தொடங்கினார். அவர் பேனையைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், அது அயல்நாட்டுப் பேனைக்கு நல்ல மாற்று என்று 1935 ஜூலையிற் கடிதம் எழுதினார். சென்னையிலும் எபனைற் கோலைக் கடைசல் இயந்திரத்திற் கடைந்து பேனை செய்யும் தொழில் வளர்ந்தது; திருவள்ளூரில் அத்தொழில் இன்றும் நடைபெறுகிறது. கடல் கடந்து போய்வந்த குடும்பத்தாரின் பெட்டியில் பெயர் பொறிக்காத, கரிய, சற்றுப் பருத்த பேனை ஒன்று அகப்பட்டால் அதனை மட்டமானதென்று எறிந்துவிடலாகாது. கடைசலின் மெல்லிய வளையங்கள் குழலின் உட்புறத்தில் தெரிகின்றனவா என்று வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பது தக்கது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மலைநாட்டிலே பேனை பிடித்த கைகள் சில. பெரிய துரை, சின்னத்துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, டீமேக்கர், பெரிய கங்காணி, தோட்டப் பள்ளி வாத்தியார் என்ற அளவிலே பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிடும். கொழுந்து பறித்தவர்களும் மலை வெட்டியவர்களும் அந்த எழுத்துக்கு ஆளானவர்கள். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றவருக்கு மாலையிற் கிடைப்பது ‘பேர்’. செக்ரோலிலே பெயருக்கு நேரே விழும் ஒரு கோடுதான் அந்நாட் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தங்கள் பெயரை எழுதத் தெரியாத பல்லாயிரவர் தங்கள் உழைப்பையே ‘பேர்’ என்ற சொல்லால் அழைத்தனர் என்பது மொழியிலே நிகழ்ந்த வியப்பு.

பேனையின் அதிகாரம் அதனினும் கொடிதாக இருந்த காலமும் உண்டு. துண்டு என்பது ஒரு சிறு காகிதம். தோட்டத்துக் கங்காணியின் கடனை யாரேனும் தீர்த்தால் அவருடைய ஆட்களை விடுவிப்பதாகத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். அத்துண்டைக் கொண்டு ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் தோட்டச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிய கல்விச் சட்டமும் பிறந்தது. எனினும் ஒரே வாத்தியாரும் ஒரே கூடமுமான பள்ளிகளிற் பிள்ளைகள் கண்டது சிலேற்றும் குச்சியுமே.

இத்தகைய நாட்டிலே பேனையைத் தொழிலாளர் பக்கம் திருப்பியவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தஞ்சைத் தரணியிலிருந்து வந்த அவர் பத்திரிகையாசிரியராகத் தொடங்கி, 1925-இற் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். 1931-இல் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருக்குப்பின் தோட்டத்திலேயே பிறந்து ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார்.

அடுத்த ஆண்டே பேனைக்கும் பெருவிரலுக்கும் இடையிலுள்ள தூரம் பேரிடராயிற்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் மனுச் செய்து குடியுரிமை பெற வழி ஒன்று திறந்தது. ஆனால் அவ்வழி காகிதத்தால் அமைந்தது. 1946 தொடங்குவதற்குமுன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததற்குச் சான்று காட்டவேண்டும். 1951 ஆகஸ்டிலே தவணை முடிந்தபோது ஏறத்தாழ 237,000 மனுக்கள் சேர்ந்திருந்தன; அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர். குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கே. எழுதத் தெரிந்த ஒருவர் லயன் அறையின் குப்பிவிளக்கு வெளிச்சத்திற் பிறருக்காக மனுவை நிரப்ப, மனுதாரர் கைநாட்டு வைத்தார். ஓர் எழுத்துப் பிழை, பெயரிலே ஒரு மாறுபாடு, செக்ரோலில் இருந்த பெயருக்கும் மனுவில் இருந்த பெயருக்கும் பொருத்தமின்மை ஆகியவை அந்நாளில் அற்பமானவை அல்ல.

அந்த மனுக்களை எழுதிய பேனைகள் எங்கே? அவற்றுட் பல விலையுயர்ந்தவையாக இருந்திருக்க நியாயமில்லை. சேமிப்போர் சந்தையில் அவற்றுக்கு மதிப்பும் இல்லை. இங்கேதான் சந்தையின் அளவுகோலும் வரலாற்றின் அளவுகோலும் பிரிகின்றன. அக்காலத்தில் பேனை வாங்கியவர் கடையிலேயே தம் பெயரைக் குழலிற் பொறித்துக்கொள்வது வழக்கம். பெயர் பொறித்த பேனையைச் சேமிப்போர் குறையுடையதாகக் கருதி விலையைக் குறைப்பர். ஆதலால் விற்பவர் மெழுகும் நுண்மணலும் இட்டுத் தேய்த்து அப்பெயரை அழித்துவிடுகின்றனர். குழல் பளிங்குபோலாகும், விலையும் ஏறும். ஒரு கணக்கப்பிள்ளையின் பெயரோ, பள்ளி வாத்தியாரின் பெயரோ, தோட்டத்தின் பெயரோ அந்தத் தூளோடு போய்விடும். மலைநாட்டைப் பொறுத்தமட்டில் பெயரற்ற டியோபோல்ட் ஒன்று உலகில் ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்று. பெயருள்ள மலிந்த பேனையோ அதுபோல் மற்றொன்று இல்லாதது.

இப்பொருள்கள் சிதறிய வழிகளும் பல. 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியவராக்கப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி முதலிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிறவிடங்களுக்கும் சென்றன. பேனை தகரப் பெட்டியின் அடியிற் சென்றிருக்கும். 1975-இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல காரியாலயங்களின் மேசைகளும் கைமாறின. இதற்கிடையே குமிழ்முனைப் பேனை வந்து மைக்கூட்டுக்கே வேலையில்லாமற் செய்தது. பள்ளிப் பிள்ளைகளின் கையிலே சீனத்து ஹீரோ பேனை சிலகாலம் நின்று பிடித்தது. அதுவும் இப்போது பழம்பொருளாகிவருகிறது.

பழைய பீகொக் தோட்டத்தின் லயன் கட்டிடம் ஒன்றில் 2007-இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை, துரைமாரின் பொருளன்றித் தொழிலாளர் வீட்டுப் பொருளைத் தேடிச் சேர்ப்பது. பேனையும் அத்தகைய இடத்துக்கு உரியதே. வீட்டிலே வைத்துக்கொள்ள விரும்புவோர் செய்யவேண்டியது அதிகமில்லை. உள்ளே காய்ந்த மையைக் கழுத்துப் பகுதியில் மட்டும் குளிர்ந்த நீர் விட்டு இளக்குதல். குழலை நீரில் அமிழ்த்தாதிருத்தல். வெந்நீரையும் மதுசாரத்தையும் அண்டவிடாமை. இறுகிப்போன இறப்பர்ப் பையை மாற்றினாற் பழையதை எறியாமல் உறையிலிட்டுக் கூடவே வைத்தல். மழைக்காலத்தில் ஈரமுறிஞ்சும் மணிப்பை ஒன்றைப் பெட்டியில் இடுதல். பொறித்த எழுத்துத் தேய்ந்து படிக்க முடியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் நிழலில் எழுத்துத் தெரியும். தெரிந்த எழுத்தையும், பேனை எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் அன்றே ஒரு காகிதத்தில் மையால் எழுதிப் பேனையோடு சுற்றி வைக்கவேண்டும்.